வெஸ்லே: மலைமேல் பேராலயம், அடிவாரத்தில் உப்பு

ஜூன் 19, வெள்ளி

பிரான்சின் ஆட்சியமைப்பில் கடைசிப் படி கொம்யூன். பாரிஸ் மாநகரமும் ஒரு கொம்யூன்தான், சுமார் நானூறு பேர் வசிக்கும் வெஸ்லேயும் ஒரு கொம்யூன்தான். இரண்டுக்கும் மேயர் உண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் உண்டு. வெஸ்லே பர்கண்டிப் பகுதியில், யோன் மாவட்டத்தில் இருக்கிறது. பரப்பு சுமார் 22 சதுர கிலோமீட்டர். குன்றின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 302 மீட்டர். நம் கணக்கில் இதை மலை என்று சொல்லத் தயக்கமாக இருக்கும். ஆனால் சுற்றிலும் நிலம் தாழ்ந்து கிடப்பதால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது இந்தக் குன்றும் அதன் தலையில் நிற்கும் பேராலயமும்தான்.

பாரிஸ் பெர்சி நிலையத்தில் ரயில் ஏறினோம். பாரிசிலேயே வசிக்கும் அக்கா உடன் வருகிறாள். பிரெஞ்சு பேசுவது அவள் பொறுப்பு, படிப்பது என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். ஓசேர் தாண்டியதும் பாதை க்யூர் என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. வழியில் ஆர்சி என்ற ஊரருகே சுண்ணாம்புப் பாறைகளில் குகைகள் இருக்கின்றன. அங்கே 1990-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த மாமத யானை ஓவியங்களுக்கு வயது சுமார் 28,000 ஆண்டுகள். ரயிலில் இருந்து பாறை முகம் மட்டும் தெரிந்தது.

க்யூர் ஆற்றைச் சும்மா கடந்துவிடக் கூடாது. தெற்கே மொர்வான் என்ற காட்டு மேட்டில் பிறந்து வந்து யோன் ஆற்றில் சேர்கிறது, யோன் போய் செய்ன் ஆற்றில் சேர்கிறது, செய்ன் பாரிசுக்குப் போகிறது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து மொர்வான் காட்டு விறகை இந்த ஓடைகளில் தள்ளிவிட்டு, கீழே பிடித்துத் தெப்பமாகக் கட்டிப் பாரிசுக்கு மிதக்கவிட்டார்கள். கட்டைக்குக் கட்டை வியாபாரியின் முத்திரை வெட்டியிருக்கும். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பாரிஸ் குளிர்காய்ந்தது பெரும்பாலும் இந்த விறகில்தான். மார்பளவு குளிர்ந்த நீரில் நின்று கட்டை பிடித்தவர்களைப் பற்றி ஊருக்குப் போகும் ரயிலில் யாரும் பேசுவதில்லை. எல்லார் கையிலும் பேராலயத்தின் படம் போட்ட கையேடு இருந்தது.

செர்மிசெல் நிலையத்தில் இறங்கினால் வெஸ்லேக்கு இன்னும் பத்து கிலோமீட்டர். டாக்சி பிடித்தோம். ஒரு திருப்பத்தில் குன்று முழுசாகத் தெரிந்தது. அடியில் கோதுமை, நடுவில் திராட்சை, மேலே ஒரே தெருவைப் பிடித்துக்கொண்டு ஏறும் ஓட்டு வீடுகள், உச்சியில் கல் கோபுரம். அக்கா, "நிறுத்தச் சொல்லவாடா?" என்று கேட்டாள். நிறுத்தினோம். ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இந்தக் குன்றுக்கு வருகிறவர்களில் அநேகர் கீழே வண்டியை விட்டு, தெரு ஏறி, பேராலயம் பார்த்து, மதியச் சாப்பாட்டோடு இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் தங்குவதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு பெரிய கட்டடத்தை இவ்வளவு சிறிய ஊர் எப்படித் தாங்கியது, அதற்கு விலை கொடுத்தது யார் என்பதை மலையைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 20, சனி

காலை எட்டு மணிக்கு முன்னால் தெரு நமக்கே சொந்தம். கீழே சந்தைத் திடலில் தொடங்கும் தெரு, முதலில் சென் எத்தியேன் தெரு என்றும் பிறகு சென் பியேர் தெரு என்றும் பெயர் மாற்றிக்கொண்டு உச்சிவரை போகிறது. கல் பாவிய தரையில் அங்கங்கே யாத்திரிகர்களின் அடையாளமான பித்தளைச் சிப்பிகள் பதித்திருக்கிறார்கள். ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்கு நடைபயணம் போகும் பழைய பாதைகளில் ஒன்று வெஸ்லேயில்தான் தொடங்குகிறது. முதுகில் மூட்டையும் கையில் கோலுமாக ஒரு தம்பதி எங்களுக்கு எதிரே இறங்கிப் போனார்கள். பைரனீஸ் மலை தாண்டி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கும் மேல் போகும் நடை அது.

பேராலயத்தின் வெளிமுகம் ஏமாற்றக்கூடியது. மேலிருக்கும் சிற்பம் 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தது. பழைய பொக்கிஷம் உள்ளே, முன்மண்டபத்தைத் தாண்டும் வாசலின் மேல் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் செதுக்கிய அரைவட்டச் சிற்பம். நடுவில் மிகப் பெரிய இயேசு. அவர் விரல்களிலிருந்து கதிர்கள் கிளம்பி சீடர்களின் தலைகளுக்குப் போகின்றன. உலகெங்கும் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்புகிற காட்சி. சுற்றிலும் அந்த 'உலகெங்கும்' இருக்கிறது: அறியாத நாட்டு மக்கள் கட்டம் கட்டமாக நிற்கிறார்கள். ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர்கள், உடம்பையே மூடும் அளவுக்குக் காது வளர்ந்த ஒரு குடும்பம், நாய்த்தலை மனிதர்கள்.

இந்த நாய்த்தலையர்களை இந்தியாவில் வாழ்வதாக எழுதியவர்கள் பழைய கிரேக்கர்கள். காதை விரித்து அதிலேயே படுத்துத் தூங்கும் மக்கள் இந்தியாவில் இருப்பதாக மெகஸ்தனிஸ் எழுதியதும் உண்டு. ஆக இந்த வாசலுக்கு மேல் நம்மவர்களும் நிற்கிறோம், அந்தக் காலத்து ஐரோப்பா கற்பனை செய்த வடிவத்தில். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிற்பி அவர்களையும் சபைக்குள் கூப்பிட்டிருக்கிறான். நாய்த்தலையர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு ஆர்வமாகத்தான் நிற்கிறார்கள். வெளி வளையத்தில் பன்னிரண்டு ராசிகளும், மாதத்துக்கு மாதம் மாறும் வயல் வேலைகளும். சந்நிதிக்குப் போகிற வாசலில் அறுவடைக்காரனும் திராட்சை பறிக்கிறவனும் இடம் பிடித்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

உள்ளே, நடுக்கூடத்தின் அரைவட்ட வளைவுகளில் வெள்ளைக்கல்லும் பழுப்புக்கல்லும் மாறி மாறி வருகின்றன. இது ரோமனெஸ்க் பாணி. கூடத்தின் முடிவில் பலிபீடப் பகுதி மட்டும் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோதிக், கூர் வளைவுகளும் பெரிய ஜன்னல்களுமாக. தூண்களின் தலையில் இருக்கும் போதிகைகளில் நூறு கதைகள். 'ஆன்மிக ஆலை' என்று அழைக்கிற ஒன்றின் கீழ் வெகு நேரம் நின்றோம். ஒருவர் ஆலையில் தானியம் கொட்டுகிறார், இன்னொருவர் கீழே குனிந்து மாவை மூட்டையில் பிடிக்கிறார். மோசேயின் சட்டத்தைப் பவுல் மாவாக்கித் தருகிறார் என்று விளக்குகிறார்கள். விளக்கம் தெரியாத குடியானவனுக்கும் அந்தக் குனிவு புரிந்திருக்கும்.

இனி, இது எப்படி வந்தது என்ற கதை. 858-ஐ ஒட்டி ழிரார் என்ற பிரபுவும் அவர் மனைவி பெர்த்தாவும் இப்போது சென் பேர் என்று சொல்லும் அடிவார ஊரில் ஒரு கன்னியர் மடம் நிறுவினார்கள். சில ஆண்டுகளில் அது ஆண் துறவியர் மடமானது, பிறகு வடதிசைக் கொள்ளையர்களுக்குப் பயந்து குன்றின்மேல் ஏறியது. மடம் நேரே போப்பின் பாதுகாப்பில் இருந்ததால் பக்கத்து ஆயருக்கோ பிரபுக்கோ இதன்மேல் அதிகாரம் கிடையாது. 11-ஆம் நூற்றாண்டில், இயேசுவின் சீடரான மகதலா மரியாவின் திருப்பண்டம், அதாவது உடல் எச்சம், இங்கேதான் இருக்கிறது, ஒரு துறவி அதைத் தெற்கிலிருந்து கொண்டுவந்தார் என்ற செய்தி பரவியது. ஐரோப்பா முழுதும் இந்தத் தெருவில் ஏறத் தொடங்கியது.

கூட்டம் வந்தால் பணம் வரும். பணம் வந்தால் அது யாருடையது என்ற கேள்வி வரும். சத்திரக்காரர், காசு மாற்றுபவர், ரொட்டிக்காரர், திராட்சை விவசாயி என்று ஒரு செழிப்பான நகரம் வளர்ந்தது. ஆனால் விளைச்சலில் பங்கு, சந்தைக் கட்டணம், ஆலை என்று எல்லாவற்றிலும் மடத்தின் கை இருந்தது. 1106-இல் மடாதிபதி ஆர்த்தோ கொலையுண்டார். 1120-இல், மகதலா மரியா திருநாளை ஒட்டி, பேராலயத்தில் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் மாண்டதாகப் பழைய குறிப்பு சொல்கிறது. நாம் இன்று நிற்கும் நடுக்கூடம் அதற்குப் பின் எழுந்தது.

1152-இல் நகர மக்கள் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டு, மடத்துக்குக் கட்டுப்படாத தங்கள் சொந்தக் கொம்யூனை அறிவித்தார்கள். நெவேர் பகுதிப் பிரபு அவர்கள் பக்கம் நின்றார், தன் லாபத்துக்காகத்தான். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து கைத்தொழிலால் செல்வம் சேர்த்தவர். மடாதிபதி போன்ஸ் ஊரைவிட்டு ஓடி அரசனிடம் முறையிட்டார். மூன்று ஆண்டுகள் இழுத்தது. 1155-இல் ஏழாம் லூயி மன்னன் மடத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னான். கொம்யூன் கலைந்தது, அபராதம் விழுந்தது, கிளர்ச்சிக்காரர்கள் கோட்டைபோலக் கட்டியிருந்த வீடுகளை இடிக்க உத்தரவு.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் மடத்தின் துறவி, போய்த்தியேயைச் சேர்ந்த ஊக். மடாதிபதியின் ஆள். அவர் எழுத்தில் ஊர் மக்கள் துரோகிகள், நன்றிகெட்டவர்கள். மக்கள் தரப்பில் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. ஆனாலும் அந்தத் துறவி திட்டத் திட்ட, அவர்கள் கேட்டது என்ன என்பது வெளியே வந்துவிடுகிறது. பேராலயத்தைப் பற்றிய எந்தக் கையேட்டிலும் இந்த மூன்று ஆண்டுகளுக்கு அரைப் பத்திக்கு மேல் இடமில்லை. வெஸ்லேயின் வரலாற்றில் எனக்கு இதுதான் முதன்மையான பகுதி. வாசலில் அறுவடைக்காரனுக்கு இடம் கொடுத்தவர்கள், ஊர் மன்றத்தில் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை.

மாலையில் சென் எத்தியேன் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனோம். ரோமெய்ன் ரோலண்ட் 1938-இல் சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பி வந்து குடியேறிய வீடு. ராமகிருஷ்ணர், விவேகானந்தர், காந்தி ஆகியோரின் வாழ்க்கையைப் பிரெஞ்சில் எழுதி ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்த அதே ரோலண்ட். 1931 டிசம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் காந்தி சுவிட்சர்லாந்தில் இவருடைய விருந்தினராகத்தான் தங்கினார். போர்க் காலம் முழுவதும், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின் கீழ், ரோலண்ட் இந்த வீட்டிலிருந்தே எழுதினார். விடுதலையைப் பார்த்துவிட்டு 1944 டிசம்பர் 30-இல் இங்கே இறந்தார்.

இப்போது இந்த வீடு கலைக்கூடம். கிரேக்கத்தில் பிறந்து பாரிசில் கலை இதழ் நடத்திய கிறிஸ்தியான் செர்வோஸ் தன் சேகரிப்பை இந்தச் சின்ன கொம்யூனுக்கு எழுதிவைத்தார். பிக்காசோ, கண்டின்ஸ்கி, மிரோ, கால்டர் எல்லாம் ஒரு கிராமத்து வீட்டின் அறைகளில். அக்கா கால்டரின் தொங்கும் சிற்பத்தை விட்டு நகரவில்லை. நான் ரோலண்டின் ஜன்னலை விட்டு நகரவில்லை. அது திறக்கும் பக்கத்தில் க்யூர் பள்ளத்தாக்கு முழுவதும் விரிகிறது.

ஜூன் 21, ஞாயிறு

இன்று கோடைக்காலச் சூரிய நிலைமாற்றம். இந்த நாளுக்காகவே பயணத் தேதியை வைத்தோம். ஒரு மணிக்கே நடுக்கூடம் நிறைந்துவிட்டது. துறவிகளின் பாட்டு முடிந்ததும் கூட்டத்தை ஓரங்களுக்கு ஒதுங்கச் சொன்னார்கள். நடுப்பாதையைக் காலியாக விட்டார்கள்.

சூரியன் உச்சிக்கு வருவது இங்கே கடிகாரத்தில் இரண்டு மணிக்குச் சற்று முன்னால். அதுவரை தெற்கு ஜன்னல்களிலிருந்து விழும் ஒளித் திட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மெல்ல மெல்ல நகர்ந்து, அந்த வேளையில் எல்லாத் திட்டுகளும் நடுப்பாதையின் மையக்கோட்டில் வரிசையாக நின்றன, வாசலிலிருந்து பலிபீடம்வரை ஒரு பாதைபோல. சில நிமிடங்கள்தான். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. குளிர்கால நிலைமாற்றத்தில் இதே ஜன்னல்களின் ஒளி தரையில் விழாமல் மேலே போதிகைகளில் படுகிறதாம். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடக்காரர்கள் வேண்டுமென்றே இப்படிக் கணக்குப் போட்டார்களா என்று எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து 1976-இல் இங்கிருந்த ஒரு துறவிதான் இதைக் கவனித்துச் சொன்னார். ஆனால் கூடத்தின் நீளம் சுமார் அறுபது மீட்டர், கோடு கொஞ்சமும் பிசகவில்லை. கணக்கு என்றே நம்புகிறேன்.

கூட்டம் கலைந்தபின் பக்கச் சுவர்களைப் பார்த்தோம். ஆள் உயரத்தைவிடப் பெரிய மரச்சிலுவைகள் சாய்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுக்குப் பின்னால் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன: 1146, 1946.

1146 மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு. கிளேர்வோ மடத்துப் பெர்னார்ட் இந்தக் குன்றின் வடக்குச் சரிவில், மரமேடை போட்டு, ஏழாம் லூயி மன்னன் முன்னிலையில் இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். பேராலயம் கொள்ளாத கூட்டம். ஆடையில் தைத்துக்கொள்ளத் துணிச்சிலுவைகள் தீர்ந்துபோய், பெர்னார்ட் தன் அங்கியையே கிழித்துக் கொடுத்ததாக உடனிருந்தவரின் குறிப்பு உண்டு. அந்தப் போர் படுதோல்வியில் முடிந்தது. அதன் ஆவேசத்தில் ரைன் ஆற்றங்கரை யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதைத் தடுக்கப் பெர்னார்டே ஓட வேண்டியிருந்தது. 1190 ஜூலையில் இங்கிலாந்தின் ரிச்சர்டும் பிரான்சின் பிலிப்பும் மூன்றாம் சிலுவைப் போருக்குப் படைகளோடு கூடியதும் இங்கேதான்.

சரியாக 800 ஆண்டுகள் கழித்து, 1946 ஜூலையில், உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து பதினான்கு மரச்சிலுவைகளைத் தோளில் சுமந்து நடந்தே வெஸ்லேக்குக் கொண்டுவந்தார்கள், இந்த முறை சமாதானம் கேட்டு. பக்கத்து முகாமில் ஜெர்மானியப் போர்க் கைதிகள் இருந்தார்கள். தாங்களும் வர வேண்டும் என்று கேட்டு, குண்டுவீச்சில் இடிந்த வீட்டு உத்தரங்களால் ஒரு சிலுவை செய்து சுமந்து வந்தார்கள். நேற்று வரை எதிரியாக இருந்தவனைத் தெருவில் ஏறவிட்ட அந்த ஊர் மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. இந்தக் குன்றில் நடந்த எத்தனையோ அரச வைபவங்களைவிட அந்தப் பதினைந்தாவது சிலுவை பெரிது.

மாலையில் வடக்குச் சரிவில் இறங்கி லா கொர்தேல் என்ற சிறிய கல் ஆலயத்துக்குப் போனோம். பெர்னார்ட் பேசிய இடத்தை ஒட்டியது. பிரான்சிஸ்கன் துறவிகள் பிரான்சில் வந்து தங்கிய முதல் இடங்களில் ஒன்று, 1217-இல். உள்ளே பத்துப் பேர் உட்காரலாம்.

இந்த ஊர் எப்படித் தேய்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1279-இல் தெற்கே புரோவான்ஸில் சென் மக்சிமேன் என்ற ஊரில் மகதலா மரியாவின் உடல் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். போப்பும் அதையே ஏற்றார். யாத்திரிகர் கூட்டம் அங்கே திரும்பியது. 1569-இல் மதப்போரில் புரொட்டஸ்டண்டுகள் ஊரைப் பிடித்துப் பேராலயத்தைச் சூறையாடினார்கள். ஜெனீவாவில் கால்வினுக்குப் பின் புரொட்டஸ்டண்டுகளுக்குத் தலைவரான தெயோதோர் தெ பேஸ் 1519-இல் பிறந்தது இதே வெஸ்லேயில். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடத்தின் கட்டடங்கள் விற்று இடிக்கப்பட்டன. பேராலயம் மட்டும் ஒழுகிக்கொண்டு நின்றது. 1834-இல் தொல்கட்டட ஆய்வாளராக வந்த எழுத்தாளர் ப்ரொஸ்பேர் மெரிமே அரசுக்கு அபாய எச்சரிக்கை அனுப்பினார். 1840-இல் பழுதுபார்க்கும் வேலையை ஒப்படைத்தது வியோலே லெ துக் என்ற 26 வயது இளைஞரிடம். சுமார் இருபது ஆண்டுகள் உழைத்து நிறுத்தினார். 1979-இல் யுனெஸ்கோ பட்டியல்.

ஜூன் 22, திங்கள்

இன்று கீழே. குன்றிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கினால் அரை மணி நேரத்தில் சென் பேர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பூச்சி விழுந்து இங்கத்திய திராட்சை மொத்தமும் அழிந்தது. நெடுங்காலம் தரிசு. 1970-களில்தான் மறுபடி நட்டார்கள். 2017-இல் வெஸ்லே என்ற பெயரிலேயே வெள்ளை ஒயினுக்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணி அக்காவிடம் மண்ணைக் கிளறிக் காட்டினார். சுண்ணாம்பும் களிமண்ணும். "அந்தப் பக்கம் மொர்வான் கருங்கல். இங்கே பழைய கடலடி" என்றார். உண்மைதான், இந்தக் குன்று ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்பு. வெஸ்லே இரண்டு நிலங்கள் சந்திக்கிற விளிம்பில் நிற்கிறது.

அந்த விளிம்புதான் உப்பைக் கொண்டுவந்தது. சென் பேர் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், ஆற்றோரப் புல்வெளியில், ஃபொன்தேன் சலே என்ற இடம். உப்பு ஊற்றுகள் என்று பொருள். பாறை முறிவுகள் வழியே உப்பு கலந்த நீர் மேலே வருகிறது. நீரோடு ஹீலியம் வாயுவும் குமிழிகளாக வருகிறது. 1930-களில் இந்த இடத்தைக் கண்டறிந்து, 1940-களிலிருந்து முறையாகத் தோண்டினார்கள். கிடைத்தவை உறைகிணறுகள். கீழடியில் சுடுமண் உறை பார்த்திருக்கிறோம், இங்கே உறை ஓக் மரம். பெரிய அடிமரத்தை நெருப்பு வைத்துக் குடைந்து, குழாய்போல நிலத்தில் இறக்கியிருக்கிறார்கள். ஆற்று நீர் கலக்காமல் உப்பு நீரைத் தனியாகப் பிடிக்கும் வழி. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணியதில் வெட்டிய காலம் கி.மு. 2300-ஐ ஒட்டி வருகிறது. 4,000 ஆண்டுக்கு மேலாகியும் மரம் அழுகவில்லை. உப்பு நீரே அதைக் காப்பாற்றியிருக்கிறது. கைப்பிடிச் சுவருக்கு மேல் குனிந்து பார்த்தால் கறுத்த மரவிளிம்புக்குள் தெளிந்த நீரும், அவ்வப்போது எழும் குமிழியும் தெரிகின்றன.

பின்னால் கெல்ட்டியர் இங்கே வழிபட்டார்கள். ரோமானியர் சுடுநீர் அறை, வெந்நீர்த் தொட்டி எல்லாம் கட்டினார்கள். அடித்தளம் இன்னும் இருக்கிறது. குன்றின்மேல் ஒரு கல்கூட வைக்காத காலத்தில் ஜனங்கள் கூடிய இடம் இதுதான்.

பிறகு 17-ஆம் நூற்றாண்டில் இந்த ஊற்றுகளை மூடினார்கள். மூடியவர்கள் அரசனின் உப்பு வரி அதிகாரிகள். கபேல் என்பது அந்த வரியின் பெயர். அரசக் கிடங்கில்தான் உப்பு வாங்க வேண்டும், பல பகுதிகளில் இத்தனை அளவு வாங்கியே ஆக வேண்டும் என்றும் கட்டாயம். நீரை மொண்டு காய்ச்சினாலே உப்பு கிடைக்கும் இடத்தில் இது எப்படிச் செல்லும்? மண்ணைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். இதைப் படித்ததும் எனக்கு வேதாரண்யம் ஞாபகம் வராமல் இல்லை. காந்தியின் உப்புப் போராட்டத்தை ஐரோப்பாவிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த ரோலண்ட், மூடிய உப்புக் கிணறுகளைத் தோண்டி எடுத்த காலத்தில் அதோ அந்தக் குன்றின்மேல்தான் இருந்தார். ஜன்னலில் நின்றால் இந்தப் பள்ளத்தாக்கு தெரியும்.

மதியம் சென் பேரில் சாப்பாடு. கூஜேர் என்ற, பாலாடைக்கட்டி சேர்த்து அடுப்பில் சுட்ட உருண்டையும், அக்ரூட் எண்ணெய் ஊற்றிய கீரையும். அந்த எண்ணெயைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 23, செவ்வாய்

வெஸ்லேயிலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர், பஸோஷ். நான்கு கோபுரக் கோட்டைவீடு ஒன்று காட்டை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கிறது. 1675-இல் இதை வாங்கியவர் செபாஸ்தியன் லெ ப்ரெத்ர் தெ வோபான். பதினான்காம் லூயியின் படைப்பொறியாளர், பிரான்சின் எல்லைக்கோட்டைகள் பலவற்றைக் கட்டியவர். பிறந்ததும் இந்தப் பக்கம்தான், 1633-இல். முன்றிலில் நின்றால் தூரத்தில் வெஸ்லேக் குன்று தெரிகிறது.

கோட்டைகளுக்காக அவரைப் பலருக்குத் தெரியும். நான் வந்தது 1696 ஜனவரியில் அவர் எழுதிய ஓர் அறிக்கைக்காக. வெஸ்லே வரிப்பகுதியின் புவியியல் விவரணை. நிலம், காடு, ஆறு, வீடு, மாடு, மனிதர் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்த அறிக்கை. அன்றைய ஐரோப்பாவில் இப்படி ஒரு சிறு வட்டாரத்தை அலசிய எழுத்து அபூர்வம். எண்களோடு நிறுத்தாமல் மக்கள் என்ன தின்கிறார்கள் என்று எழுதினார். ஏழைகள் உண்பது பார்லியும் ஓட்ஸும் கலந்த ரொட்டி, உமிகூட நீக்காமல். காட்டுப் பழங்கள், கொல்லைக் கீரை, அதைத் தண்ணீரில் வேகவைத்துக் கொஞ்சம் அக்ரூட் எண்ணெய். ஆண்டுக்கு மூன்று முறைகூட இறைச்சி இல்லை. நான்கில் மூன்று பேர் கோடையிலும் குளிரிலும் பாதி மக்கிக் கிழிந்த துணியில் இருக்கிறார்கள், மரச்செருப்புக்குள் வெறுங்கால்.

நேற்று சாப்பிட்ட கீரையும் எண்ணெயும் அதே பண்டம்தான். ஒன்று மட்டும் வேறு. அவர்கள் அதை உப்பில்லாமல், அல்லது மிகக் கொஞ்சம் உப்போடு சாப்பிட்டார்கள் என்று வோபான் தனியாகக் குறித்திருக்கிறார். மண்மூடிய உப்பு ஊற்றுகள் அவர் வீட்டிலிருந்து ஒரு காலைநேர நடை தூரம். நடுக்கூடத்தைவிட, ஒளிப் பாதையைவிட, இந்த ஒரு வரிதான் என்னை இந்த ஊருக்கு வரவைத்தது என்று அக்காவிடம் சொன்னேன். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா நேரா இங்கதானே வந்திருப்போம்" என்றாள். மேலே ஏறிப் பார்க்காமல் இதன் கனம் தெரியாது என்று நினைக்கிறேன்.

அரசனின் மார்ஷலாக இருந்தவர் கண்டதை எழுதியதோடு விடவில்லை. பிரபுக்களும் மதகுருக்களும் வரி கட்டாமல் தப்புவதால்தான் கீழே இருப்பவன் நசுங்குகிறான் என்று கணக்கிட்டு, எல்லாரும் அவரவர் வருமானத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும் என்ற திட்டத்தைப் புத்தகமாக எழுதினார். உப்பின் விலையைக் குறைத்து நாடெங்கும் ஒரே அளவாக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அனுமதி கிடைக்காது என்று தெரிந்து, தானே ரகசியமாக அச்சிட்டார். 1707 பிப்ரவரியில் அரச மன்றம் அதைத் தடை செய்தது. மார்ச் 30-இல் வோபான் பாரிசில் இறந்தார்.

உடலை இங்கே கொண்டுவந்து பஸோஷ் கிராமத்து ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் பின்னாளில் நெப்போலியன் பாரிசுக்கு எடுத்துப்போய் ராணுவ மரியாதையோடு வைத்தார். ஊற்றுகளைத் திறக்க வேண்டும் என்று வோபான் கேட்டதாக எங்கும் படிக்கவில்லை. 1790-இல் புரட்சி கபேல் வரியை ஒழித்தது. 1806-இல் நெப்போலியன் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். அது முழுதாக நீங்கியது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான்.